சுதந்திராக் கட்சி: பழமைவாதமா, பட்டாதாரர் பயமா?

நாற்றங்கால் எழுதியது:

விலைவாசி இழையில் நேற்று ஒருவர் போகிற போக்கில், "ராஜாஜியின் சுதந்திராக் கட்சி ஜனசங்கத்தின் தெற்குக் கிளைதானே" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஜனசங்கம் என்றால் இன்றைய பா.ஜ.க.வின் முன்னோடிக் கட்சி. அங்கே பதில் எழுதினால் வெங்காயப் பேச்சு கெட்டுவிடும் என்பதால் தனி இழை திறக்கிறேன்.

1959இல் சென்னையில் அறிவிக்கப்பட்டு, 1967இல் மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியாகி, 1974இல் இன்னொரு கட்சிக்குள் கரைந்துபோன இயக்கம் அது. பதினைந்து ஆண்டுகள். அதைப் பழமைவாதக் கட்சி என்கிறார்கள், வலதுசாரி என்கிறார்கள், தாராளவாதம் என்கிறார்கள். மூன்றும் ஒன்றல்ல. எது சரி?

எனக்குத் தெரிந்த வரலாற்றை முதலில் வைத்துவிடுகிறேன். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ், சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு தொழில் கொள்கைத் தீர்மானமும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் வந்தன. அதுவரை முணுமுணுப்பு மட்டுந்தான். 1959 ஜனவரியில் நாகபுரி மாநாடு, கூட்டுறவுக் கூட்டுப் பண்ணைதான் (எல்லோர் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து உழுவது) எதிர்கால விவசாயம் என்றது. நிலத்துக்கு உச்சவரம்பு, தானிய வியாபாரத்தில் அரசு இறங்குவது ஆகியவையும் கூடவே வந்தன. அப்போதுதான் முணுமுணுப்பு கட்சியானது. ஜூன் 4 அன்று சென்னையில் ராஜாஜி அறிவித்தபோது அவருக்கு வயது 80. தலைவர் என். ஜி. ரங்கா, பொதுச் செயலாளர் மினு மசானி. சின்னம் நட்சத்திரம்.

ஆக, இது தத்துவத்தில் பிறந்த கட்சி அல்ல, நிலத்தில் பிறந்த கட்சி என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் வரலாம்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

மறுக்கத்தான் வந்திருக்கிறேன், ஆனால் வேறொரு இடத்தில்.

பாதிச் சண்டை "பழமைவாதம்" என்ற சொல்லால் வருகிறது. பழையதையெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிறவன் என்ற வசை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஐரோப்பாவில் அந்தச் சொல் அரசியலுக்கு வந்த கதை வேறு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1818இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷாத்தோபிரியான் தொடங்கிய பத்திரிகைக்கு அந்தப் பெயர். 1830களில் பிரிட்டனில் டோரிக் கட்சி அதைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. இருக்கிற நல்லதை உடைக்காமல், மாற்ற வேண்டியதை மெதுவாக மாற்றுவது என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட பொருள். "பேணல்வாதம்" என்று யாராவது தமிழில் எழுதியிருந்தால் இந்த இழைக்கே தேவை வந்திருக்காது.

ராஜாஜிக்கு அந்தச் சொல் கூசவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்சி தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1957இல், காங்கிரஸ் இடப்பக்கம் சாய்ந்துவிட்டதால் நாட்டுக்குத் தேவை இன்னொரு இடதுசாரிக் கட்சி அல்ல, வாய் திறந்து பேசுகிற வலுவான வலதுசாரி என்று எழுதியவர் அவர். நாகபுரிக்கு முன்னால் எழுதியது. எனவே நிலத்தில்தான் பிறந்தது என்று அடித்துச் சொல்லாதீர்கள். விதை வேறிடத்திலிருந்து வந்தது. நாகபுரி மழைதான்.

அதற்கும் முன்னால் 1952 இருக்கிறது. சென்னை மாகாண முதலமைச்சராக வந்த கையோடு உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். ரேஷனை எடுத்தால் பஞ்சம் வரும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். வரவில்லை. கட்டுப்பாடு இருந்தால் பதுக்கல் இருக்கும், அதிகாரி இருப்பான், அதிகாரிக்குத் தரகன் இருப்பான் என்ற பாடத்தை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, கோட்டையில் உட்கார்ந்து படித்தார். எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதி வேண்டும் என்ற முறைக்கு "பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்" என்று பின்னாளில் அவர் வைத்த பெயருக்கு வேர் அங்கே இருக்கிறது.

இடதுகரை எழுதியது:

இரண்டு பேரும் ராஜாஜியை மட்டும் மேடையில் ஏற்றிவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைத் திரைபோட்டு மறைக்கிறீர்கள்.

ராஜஸ்தானில் அந்தக் கட்சி யார்? ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, துங்கர்பூர் மகாராவல். பீகாரில் யார்? ராம்கர் ராஜா. அவருடைய சொந்தக் கட்சியையே கொண்டுவந்து இதில் சேர்த்தார், சில ஆண்டுகளில் வந்த வழியே போய்விட்டார். ஒரிசாவில் யார்? கணதந்திர பரிஷத் என்ற பெயரில் முன்னாள் மன்னர்கள் நடத்திய கட்சி அப்படியே உள்ளே வந்தது, அதன் ஆர். என். சிங் தேவ் 1967 முதல் 1971 வரை முதலமைச்சர். மிகப் பெரிய எதிர்க்கட்சி என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, மக்களவையில் 1962இல் வாங்கிய 18, 1967இல் வாங்கிய 44 இடங்களின் வரைபடத்தை எடுத்துப் பழைய சமஸ்தானங்களின் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். குஜராத் பட்டேல்களை விட்டுவிட்டால் எவ்வளவு மிஞ்சுகிறது?

பம்பாயில் 1956இலேயே ஏ. டி. ஷ்ராஃப் தொடங்கிய சுதந்திரத் தொழில்முனைவு மன்றம் இருந்தது. முதலாளிகளும் மன்னர்களும் நிலக்கிழார்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். அதற்குத் தத்துவம் தேடுகிறீர்கள். சொத்து வைத்திருந்தவன் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்சி தொடங்கினான். இதிலே ஷாத்தோபிரியான் எதற்கு?

நாற்றங்கால் எழுதியது:

இடதுகரை, மன்னர்கள் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. காயத்ரி தேவி 1962இல் ஜெய்ப்பூரில் வாங்கிய வாக்குகள் கொள்கைக்கு விழுந்தவை என்று நானும் சொல்லமாட்டேன்.

முதலாளிகள் விஷயத்தில்தான் தடுக்கி விழுகிறீர்கள். பெரிய முதலாளிகள் அந்தக் கட்சிக்குப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள் என்பது பொய்த் தோற்றம். ஜே. ஆர். டி. டாட்டா 1961இல், காங்கிரசுக்குக் கொடுத்துக்கொண்டே இதற்கும் கொஞ்சம் கொடுக்கப்போகிறோம் என்று நேருவுக்கே தெரிவித்துவிட்டுத்தான் கொடுத்தார். பிர்லா காங்கிரசை விட்டு அசையவில்லை. ஏன் அசைய வேண்டும்? லைசென்ஸ் கையில் இருக்கிறவனுக்கு அந்த முறையைப் போல வசதி ஏது? புதியவன் உள்ளே வரமுடியாது, போட்டி கிடையாது, செய்கிற சரக்கு விற்றுவிடும். பெரிய முதலாளிக்கு அரசாங்கம் எதிரியல்ல, வாசல் காவலாளி. கதவுக்கு வெளியே நின்றவர்களுக்காகப் பேசிய கட்சிக்குக் கதவுக்கு உள்ளே இருந்தவன் எதற்குப் பணம் கொடுப்பான்?

தூக்கணாங்குருவி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இந்தக் காலத்து ஆள். கூட்டுப் பண்ணை கடைசியில் வரவேயில்லையே? வராத ஒன்றுக்கு இவ்வளவு பயமா?

நாற்றங்கால் எழுதியது:

நல்ல கேள்வி. கூட்டுப் பண்ணை காகிதத்தோடு நின்றது, உண்மை. ஆனால் பயத்தின் இன்னொரு பாதியான நில உச்சவரம்பு சட்டமாக வந்தது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது முக்கியம்.

வடக்கே பல இடங்களில் ஜமீன்தார் இருந்தார். அவரை ஒழித்தால் உழுகிறவனுக்கு லாபம். ஆனால் நம் பக்கத்தில் பெரும்பகுதி ரயத்துவாரி. இடையில் ஜமீன் கிடையாது; பட்டாதாரர் நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டினார். அவரிடம் நூறு ஏக்கரும் இருக்கலாம், ஒன்றரை ஏக்கரும் இருக்கலாம். இடைத்தரகரை ஒழிக்க அரசியல் சட்டத்தில் கொடுத்த பாதுகாப்பு, ஜமீன் போன்ற எஸ்டேட்டுகளுக்கு மட்டுந்தான், ரயத்துவாரி நிலத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1961இல் கேரளச் சட்டம் தொடர்பான வழக்கில் சொன்னது. 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பார்த்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று உச்சவரம்பு வைத்த 1961ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமும் 1964இல் நீதிமன்றத்தில் விழுந்தது. உடனே, அதே 1964இல், பதினேழாவது திருத்தம் வந்தது. எஸ்டேட் என்ற சொல்லுக்குள்ளே ரயத்துவாரி நிலத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

ஒன்றரை ஏக்கர்காரனை அந்தச் சட்டம் தொடப்போவதில்லை. ஆனால் "உன் பட்டா இனி எஸ்டேட்" என்று ஊரில் யாராவது சொன்னால் அவனுக்கு வயிற்றைக் கலக்காதா? ரங்கா ஆந்திரத்தில் ஊர் ஊராகப் பேசியது அந்த வயிற்றோடுதான். அவர் ராஜா வீட்டுப் பிள்ளை அல்ல. குண்டூர்ப் பக்கத்து விவசாயச் சங்கத்துக்காரர், ஜமீன் எதிர்ப்பில் வளர்ந்தவர். அவரும் ராம்கர் ராஜாவும் ஒரே கட்சியில் இருந்தார்கள் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

கீழத்தெரு எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். எல்லோரும் பட்டா பட்டா என்கிறீர்கள்.

எங்கள் தாத்தாவிடம் பட்டா இல்லை. எங்கள் தெருவிலேயே யாரிடமும் இல்லை. தஞ்சைப் பக்கத்தில் பண்ணையாளாக இருந்தவர். கூட்டுப் பண்ணை வந்தாலும் அதில் சேர்க்க அவரிடம் ஒரு குழி நிலம் கிடையாது, வராவிட்டாலும் இழப்பதற்கு ஒன்றும் கிடையாது. "தனிமனித சுதந்திரம்" என்ற சொல்லை அவரிடம் கொண்டுபோயிருந்தால், "யாருடையது?" என்று கேட்டிருப்பார். ஒரு கட்சி எதைப் பேண நினைத்தது என்பதைத் தெரிந்துகொள்ள, அப்போது என்ன இருந்தது என்று பார்த்தால் போதும். எங்கள் ஊரில் என்ன இருந்தது என்று நான் விவரிக்கவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

கீழத்தெரு, உங்கள் கேள்விக்கு முன்னால் என் ஐரோப்பியப் பெயர்களெல்லாம் இலேசாகத்தான் இருக்கின்றன. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தஞ்சை என்று சொன்னதால் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். 1952இல் குத்தகைக்காரர்களையும் பண்ணையாள்களையும் மிராசுதார்கள் நினைத்தபடி வெளியேற்றக்கூடாது என்று தஞ்சைக்கென்றே அவசரச் சட்டம் போட்டவர் இதே ராஜாஜி. மிராசுதார்கள் கொதித்தார்கள். 1938இல் விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. அதற்கு முந்தைய ஆண்டு சேலத்தில் மதுவிலக்கு. எவன் என்ன குடிக்கலாம் என்பதில் அரசு தலையிடலாம், எவன் என்ன தொழில் தொடங்கலாம் என்பதில் தலையிடக்கூடாது. எந்தத் தாராளவாதப் புத்தகத்தில் இது அடங்கும்? அதனால்தான் அவரைத் தாராளவாதி என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. அறம் என்று தான் நினைத்ததற்கு அரசைப் பயன்படுத்தத் தயங்காதவர், பொருளாதாரத்துக்கு மட்டும் தயங்கினார். காந்தியின் தர்மகர்த்தாக் கொள்கையைக் கட்சியின் கோட்பாட்டிலேயே சேர்த்தவர்கள் அவர்கள். செல்வன் தன் செல்வத்துக்குத் தர்மகர்த்தா. அவன் மனம் மாற வேண்டுமே தவிர அரசு பிடுங்கக்கூடாது.

கீழத்தெரு எழுதியது:

அவசரச் சட்டம் உண்மைதான் ஐயா. பெரியவர்கள் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் கம்யூனிஸ்டுகளின் செங்கொடி ஏறாத ஜில்லாவாக இருந்திருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்குமா என்றும் அதே பெரியவர்கள் கேட்பார்கள்.

அடுத்த ஆண்டே என்ன வந்தது? அரை நாள் பள்ளிக்கூடம், மீதி அரை நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, 1954இல் அவரே பதவியை விட்டு இறங்கக் காரணமான திட்டம். அப்பன் தொழில் என்றால் எங்கள் பிள்ளைக்கு என்ன தொழில்? நீங்கள் "பேணல்வாதம்" என்று ஒரு அழகான சொல் செய்தீர்கள். எங்கள் பக்கத்தில் அதன் உள்ளடக்கம் அந்த அரை நாள்தான். மனம் மாறும்வரை காத்திரு என்பதை நாங்கள் நெடுங்காலம் கேட்டுவிட்டோம்.

சேலத்துக்காரி எழுதியது:

இழையைத் தொடங்கியவர் கேட்ட ஜனசங்கக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. ஆண்கள் கூடினால் பந்தியை மறந்துவிட்டு இலையைப் பற்றிப் பேசுவார்கள்.

ஜனசங்கம் 1951இலேயே இருந்தது. கட்சி வேண்டுமென்றால் ராஜாஜியும் மசானியும் அதில் சேர்ந்திருக்கலாம். சேரவில்லை. கட்சியின் 21 கோட்பாடுகளில் முதலாவதே மதம், சாதி, தொழில், அரசியல் சார்பு பார்க்காமல் எல்லோருக்கும் சமூக நீதியும் சம வாய்ப்பும் என்பது. மசானி பம்பாய்ப் பார்சி. 1934இல் ஜெயப்பிரகாஷ் நாராயணோடு சேர்ந்து காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஸ்டாலினின் ரஷ்யாவைப் பார்த்து மனம் கசந்து மறுகரைக்கு வந்தவர். 1964 மே மாதம் ஷேக் அப்துல்லா காஷ்மீருக்கு வழி தேடி அலைந்தபோது சென்னைக்கு வந்து யாரைப் பார்த்தார்? ராஜாஜியை. ஜனசங்கத்தின் தெற்குக் கிளை செய்கிற வேலையா இது?

மொழியை எடுங்கள். 1938இல் இந்தியைப் புகுத்தியவர் 1965இல் இந்தி வேண்டாம் என்று நின்றார். 1967இல் தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்து சென்னைச் சட்டமன்றத்தில் 20 இடங்கள் வாங்கியது சுதந்திராக் கட்சி. பெரியார் வழி வந்தவர்களும் ராஜாஜியும் ஒரே மேடையில். நான்கே ஆண்டுகளில் அந்தத் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தப்போகிறது என்று தெரிந்தபோது, தொண்ணூறு தாண்டிய கிழவர் கொட்டுகிற மழையில் கருணாநிதி வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டார். நடக்கவில்லை. எனக்கு அந்த மனிதரிடம் பிடிக்காதவை நிறைய உண்டு, கீழத்தெரு சொன்ன அரை நாள் உட்பட. ஆனால் அந்த மழை நாளை நினைத்தால் கொஞ்சம் கலங்கும்.

மட்டுறுத்துநர்:

நீக்கப்பட்ட இரண்டு பதிவுகளும் சாதிப் பெயர் சொல்லி வைதவை. யார் என்று கேட்க வேண்டாம். இழை தொடரட்டும்.

இடதுகரை எழுதியது:

ஜனசங்கக் கிளை என்று நான் சொல்லவில்லை. சொன்னவர் இங்கே வரவும் இல்லை. ஆனால் 1971இல் இந்திரா காந்திக்கு எதிரான பெருங்கூட்டணியில் ஸ்தாபன காங்கிரஸ் (காங்கிரஸ் உடைந்தபோது இந்திராவுக்கு எதிராக நின்ற பிரிவு), ஜனசங்கம், சம்யுக்த சோசலிஸ்டுகள் ஆகியோருடன் இவர்களும் கை கோத்தார்களே? 44 இடம் 8 ஆனது. தமிழ்நாட்டில் அதே ஆண்டில் ராஜாஜி, வாழ்நாள் முழுக்க முட்டிக்கொண்ட காமராஜரோடு சேர்ந்தார். தி.மு.க.வோடு 1967, காமராஜரோடு 1971. கொள்கைக்காரரைத் தேடினால் எதிர்ப்புக்காரர்தான் கிடைக்கிறார்.

மசானி விஷயத்தில் இறங்கி வருகிறேன். அவருடையது உண்மையான கொள்கை. ஆனால் நாற்றங்கால் கேட்ட கேள்விக்கு (ரங்காவும் ராம்கர் ராஜாவும் எப்படி ஒரே கட்சியில்?) விடை அந்த 21ஆவது கோட்பாட்டில் இருக்கிறது. மேலே உள்ள கோட்பாடுகளுக்குள் வராத எதிலும் உறுப்பினர் தன் விருப்பப்படி நடக்கலாம் என்பது அது. நீங்கள் அதைச் சுதந்திரம் என்பீர்கள். நான் அதைச் சத்திரம் என்பேன். வந்தவன் தங்கலாம், போகிறவன் போகலாம், உள்ளே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

நாற்றங்கால் எழுதியது:

சத்திரம் என்ற சொல்லைத் திருடிக்கொள்கிறேன், இடதுகரை.

நான் தொடங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன். நிலத்தில் பிறந்தது என்றேன். பயத்தில் பிறந்தது என்று திருத்திக்கொள்கிறேன். ராஜாஜிக்கு அரசு தர்மத்தை விழுங்கிவிடும் என்ற பயம், மசானிக்கு ரஷ்யா வந்துவிடும் என்ற பயம், ரங்காவுக்குச் சிறு விவசாயி கூலியாகிவிடுவான் என்ற பயம், மன்னர்களுக்கு, சமஸ்தானம் போனபிறகு அரசு கொடுத்துவந்த மானியம் போய்விடும் என்ற பயம். பயப்பட்ட பொருள் ஒன்று, காரணம் நான்கு. மானியம் 1971இல் போனது, ராஜாஜி 1972 டிசம்பரில் போனார், ரங்கா பின்னாளில் காங்கிரசுக்கே திரும்பினார். 1974இல் மிச்சமிருந்தவர்கள் வடக்கத்திய விவசாயத் தலைவர் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கலந்தார்கள். நாகபுரி மேடையில் கூட்டுப் பண்ணையை எதிர்த்துக் காங்கிரசுக்கு உள்ளிருந்தே பேசியவர் அதே சரண் சிங். சுற்றிச் சுற்றி ஒரு விவசாயியிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று. இன்று யாராவது அந்தக் கட்சியை மறுபடி தொடங்க நினைத்தால், பதிவு செய்யும்போது சோசலிசத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். 1989 முதல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அப்படி இருக்கிறது. ராஜாஜி இருந்திருந்தால் வாராவாரம் கட்டுரை எழுதியிருப்பார்.

நேற்றிரவு என் அப்பாவிடம் கேட்டேன். வயது 88. 1962இல் நட்சத்திரத்துக்குப் போட்டவர் என்பது மட்டும் தெரியும், காரணம் கேட்டதில்லை. ராஜாஜிக்காகவா என்றேன். சிரித்தார். சிமெண்டுக்காக என்றார். வீட்டுக்குத் தளம் போட முப்பது மூட்டை சிமெண்ட் வேண்டியிருந்ததாம். பர்மிட்டுக்கு ஒரு அலுவலகத்தில் பதினோரு முறை நடந்தாராம். பன்னிரண்டாவது முறை போனபோது, சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, அரை மணியில் கிடைத்ததாம். "கிடைக்காதபோது வந்த கோபத்தைவிட, கிடைத்த விதத்தில் வந்த கோபம் அதிகம்" என்றார். கூட்டுப் பண்ணை, பதினேழாவது திருத்தம் எதுவும் அவர் நினைவில் இல்லை. மூட்டைக் கணக்கு இருக்கிறது.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

உங்கள் அப்பா எழுதினால் நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

கீழத்தெரு எழுதியது:

உங்கள் அப்பாவின் கோபம் புரிகிறது, நாற்றங்கால். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நியாயமான கோபம், நான் குறை சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. 1983 வரை மண்சுவர்.